சாய்ந்த வளைவில் திரும்பும் வண்டிக்குச் செங்குத்து எதிர்விசை ஏன் கூடுகிறது?

கேள்வி இதுதான். சாய்தளத்தில் வைத்த பொருளின் மீது தளம் தரும் செங்குத்து எதிர்விசை, எடையைச் சாய்வின் கொசைனால் பெருக்கிய அளவு என்று படிக்கிறோம். வெளிவிளிம்பு உயர்த்தப்பட்ட வளைவில் செல்லும் காருக்கு அதே எதிர்விசை, எடையை அந்தக் கொசைனால் வகுத்த அளவு என்று சில பக்கங்கள் தள்ளி வரும் பாடம் சொல்கிறது. தளமும் கோணமும் எடையும் மாறாதபோது விடை மட்டும் எப்படி மாறும்? இதோடு, சாய்வின் டேன்ஜென்ட், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்ததற்குச் சமம் என்று அந்தப் பாடம் தரும் சூத்திரத்தில் உராய்வும் நிறையும் ஏன் காணப்படவில்லை, உண்மையான சாலைகள் இந்தச் சூத்திரப்படிதான் போடப்படுகின்றனவா என்றும் கேட்கப்பட்டுள்ளது.

இரண்டு விடைகளும் சரியானவை. செங்குத்து எதிர்விசை என்பது தளத்துக்குள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட எண் அல்ல. பொருள் எப்படி நகர்கிறதோ அதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு விசையைத் தளம் தருகிறது. சாய்தளத்தில் ஓய்வாக இருக்கும் பொருளுக்கோ, அதில் சறுக்கி இறங்கும் பொருளுக்கோ, தளத்துக்குச் செங்குத்தான திசையில் முடுக்கம் கிடையாது. ஆகவே அந்தத் திசையில் எடையின் கூறும் எதிர்விசையும் ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும். கொசைனால் பெருக்கிய விடை அங்கிருந்து வருகிறது. வளைவில் செல்லும் கார் சறுக்கி இறங்கவில்லை. அது ஒரே உயரத்தில், ஒரு கிடைமட்ட வட்டத்தில் செல்கிறது. அதன் முடுக்கம் வட்டத்தின் மையத்தை நோக்கிக் கிடைமட்டமாக இருக்கிறது. நிலைக்குத்துத் திசையில் முடுக்கம் எதுவும் இல்லை. ஆகவே எதிர்விசையின் நிலைக்குத்துக் கூறுதான் எடையைச் சமன்செய்ய வேண்டும். சாய்ந்து நிற்கும் ஒரு விசையின் ஒரு பகுதி மட்டுமே முழு எடையையும் தாங்க வேண்டுமானால், அந்த விசை எடையைவிடப் பெரியதாக இருந்தே தீரும். கிடைமட்டக் கூறு வண்டியைத் திருப்பும் மையநோக்கு விசையாகிறது.

எந்தத் திசையில் கூறு பிரிக்க வேண்டும் என்பதை மனப்பாடம் செய்ய முயல்வதால்தான் பலர் தடுமாறுகிறார்கள். எந்தத் திசையிலும் பிரிக்கலாம். முடுக்கத்தை மறக்காமல் அதே திசைகளில் பிரித்துக்கொண்டால் விடை மாறாது. வளைவிலும் எதிர்விசை எடை பெருக்கல் கொசைன்தான் என்று பிழையாக எடுத்துக்கொண்டவர், டேன்ஜென்ட் வர வேண்டிய இடத்தில் சைன் பெருக்கல் கொசைன் என்ற விடையை அடைவார். சிறிய கோணங்களில் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும்: 10 பாகைச் சாய்வுக்குச் சரியான மதிப்பு 0.176, பிழையான மதிப்பு 0.171; வேகத்தில் ஏறத்தாழ ஒன்றரை சதவீத வேறுபாடுதான். 45 பாகையில் சரியான மதிப்பு 1, பிழையானது 0.5. பயிற்சிக் கணக்குகளில் சாய்வு பெரும்பாலும் சிறியதாக இருப்பதால், தவறான வழியில் போனவரும் விடைப்பட்டியலுக்கு மிக அருகில் வந்து நின்று திருப்தியடைந்துவிடுகிறார்.

இந்தத் தலைப்பு முழுவதையும் ஒரே படத்தில் அடக்கிவிட ஒரு வழி உண்டு. எதிர்விசை, உராய்வு என்று முதலிலேயே பிரிக்காமல், சாலை வண்டிக்குத் தரும் மொத்த விசை எது என்று பார்ப்போம். காற்றின் விசைகளை ஒதுக்கிவிட்டால் வண்டியின் மீது செயல்படுபவை இரண்டே: கீழ்நோக்கிய எடை, சாலை தரும் மொத்த விசை. அந்த மொத்த விசையின் நிலைக்குத்துக் கூறு எடைக்குச் சமம். கிடைமட்டக் கூறு திரும்புவதற்கு வேண்டிய மையநோக்கு விசைக்குச் சமம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்த எண் கிடைக்கும். வசதிக்காக இதைத் திருப்ப விகிதம் என்று அழைப்போம். இந்த விகிதத்தைத் தன் டேன்ஜென்ட்டாகக் கொண்ட கோணம் திருப்பக் கோணம். சாலை தரும் மொத்த விசை, நிலைக்குத்துக் கோட்டிலிருந்து வளைவின் உட்பக்கமாகச் சரியாக இந்தத் திருப்பக் கோணம் அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். சாலை சமமானதா, சாய்ந்ததா, ஈரமானதா என்பதெல்லாம் இந்தக் கோணத்தைத் துளியும் மாற்றாது. வேகமும் ஆரமும் மட்டுமே அதை முடிவுசெய்கின்றன. 100 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்பவருக்குத் திருப்ப விகிதம் 0.41, திருப்பக் கோணம் 22 பாகை.

சாலையின் பரப்பு இப்படிச் சாய்ந்த விசையைத் தர முடியுமா என்பதே அடுத்த கேள்வி. உராய்வே இல்லாத பரப்பு தனக்குச் செங்குத்தான திசையில் மட்டுமே விசை தர முடியும். உராய்வுள்ள பரப்பு அந்தச் செங்குத்துக் கோட்டிலிருந்து இருபக்கமும் ஓரளவு விலகிய திசைகளிலும் விசை தரும். அந்த விலக்கத்தின் எல்லைதான் உராய்வுக் கோணம், அதன் டேன்ஜென்ட்தான் உராய்வுக் குணகம். உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல டயருக்கு உராய்வுக் குணகம் சுமார் 0.7 என்று கொண்டால் உராய்வுக் கோணம் 35 பாகை. சமமான சாலையில் செங்குத்துக் கோடு நேர்மேலாக இருப்பதால், திருப்பக் கோணம் 35 பாகையைத் தாண்டினால் வண்டி வெளிப்பக்கமாகச் சறுக்கும். சாலையை உட்பக்கமாகச் சாய்த்தால் அந்தச் செங்குத்துக் கோடே உட்பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. அதைச் சுற்றிய அனுமதிக்கப்பட்ட திசைகளும் கூடவே திரும்புகின்றன. சாலையைச் சாய்ப்பதன் வேலை இவ்வளவே: உராய்வை அது கூட்டுவதில்லை, உராய்வின் எல்லையை வேண்டிய பக்கமாகத் திருப்பி வைக்கிறது.

இதிலிருந்து எல்லாச் சூத்திரங்களும் தாமாகவே விழுகின்றன. திருப்பக் கோணம் சாலையின் சாய்வுக்குச் சமமானால் உராய்வு தேவையில்லை. பாடநூலின் புகழ்பெற்ற சூத்திரம் இதுதான். திருப்பக் கோணம், சாய்வையும் உராய்வுக் கோணத்தையும் கூட்டிய அளவை எட்டும் வேகம் மேல்வரம்பு. சாய்விலிருந்து உராய்வுக் கோணத்தைக் கழித்த அளவுக்கு அது குறையும் வேகம் கீழ்வரம்பு. அதற்கும் குறைவாகச் சென்றால் வண்டி உட்பக்கமாக வழுக்கி இறங்கும். உராய்வுக் கோணம் சாய்வைவிடப் பெரியதாக இருந்தால் கீழ்வரம்பே இல்லை, வண்டி வளைவில் நின்றுகூட இருக்கலாம். மேலே இரண்டு பாடங்களுக்கு இடையே தெரிந்த முரணும் இங்கே கரைகிறது. மொத்த விசையின் அளவு, எடையைத் திருப்பக் கோணத்தின் கொசைனால் வகுத்தது. அதில் சாலைக்குச் செங்குத்தான பகுதியே எதிர்விசை. வண்டி நிற்கும்போது திருப்பக் கோணம் சுழி, மொத்த விசை நேர்மேலாக எடைக்குச் சமம், அதன் செங்குத்துப் பகுதி எடை பெருக்கல் கொசைன். சூத்திரம் சொல்லும் அந்த ஒரு வேகத்தில் செல்லும்போது மொத்த விசை முழுவதும் சாலைக்குச் செங்குத்தாகவே இருப்பதால் எதிர்விசை எடை வகுத்தல் கொசைன். நாம் படித்தவை ஒரே கோவையின் இரு தனிநிலைகள். இவற்றுக்கு இடையிலும் இவற்றைத் தாண்டியும் மற்ற எல்லா வேகங்களும் இருக்கின்றன.

நிறை மறைவதற்கான காரணமும் இதே படத்தில் தெரிகிறது. எடையும் நிறைக்கு நேர்விகிதம், தேவைப்படும் மையநோக்கு விசையும் நிறைக்கு நேர்விகிதம். ஆகவே அவற்றின் விகிதமான திருப்ப விகிதத்திலும், அதனால் திருப்பக் கோணத்திலும் நிறை இடம்பெறாது. ஆனால் இதை வைத்து லாரியும் காரும் ஒரே வேகத்தில் பாதுகாப்பாகத் திரும்பலாம் என்று முடிவுகட்டுவது தவறு. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எண்களைப் போட்டுப் பார்ப்பதற்கு டேடோனா பந்தயத் தடத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1959-இல் திறக்கப்பட்ட அந்தத் தடத்தின் திருப்பங்கள் 31 பாகை சாய்ந்தவை. அவற்றின் ஆரம் சுமார் 300 மீட்டர். உராய்வே இல்லாமல் அங்கே செல்லக்கூடிய வேகம் மணிக்கு சுமார் 150 கி.மீ. பந்தயக் கார்கள் செல்வதோ மணிக்கு 300 கி.மீ. அளவில். அந்த வேகத்தில் திருப்ப விகிதம் 2.36, திருப்பக் கோணம் 67 பாகை. சமமான தரையில் இதைச் செய்ய உராய்வுக் குணகம் 2.36 வேண்டும், சாதாரண டயரால் அது ஆகாத காரியம். 31 பாகைச் சாய்வைக் கழித்தால் மீதி 36 பாகை. அதற்குத் தேவையான உராய்வுக் குணகம் வெறும் 0.73. இந்த வேகத்தில் எதிர்விசை எடையைப் போல் 2.07 மடங்காகிவிடுகிறது. அதாவது, வேகமாகத் திரும்பும் முயற்சியே வண்டியைச் சாலையோடு அழுத்திவிடுகிறது. அழுத்தம் கூடுவதால் உராய்வு தரக்கூடிய உச்ச விசையும் கூடுகிறது. பந்தயக் கார்களில் காற்று தரும் கீழ்நோக்கிய அழுத்தத்தை நான் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் டயரின் பாடு இன்னும் குறையும்.

இதே தடத்தில் நிற்கும் காருக்கு என்ன ஆகும்? 31 பாகையின் டேன்ஜென்ட் 0.60. உலர்ந்த தரையில் உராய்வுக் குணகம் 0.7 என்றால் கார் நிற்கும். மழை பெய்து அது 0.4 ஆகக் குறைந்தால் பிரேக்கைப் பிடித்திருந்தாலும் கார் அப்படியே கீழே வழுக்கும்.

சாய்வும் உராய்வுக் கோணமும் சேர்ந்து 90 பாகையை எட்டினால், மேல்வரம்பு வேகத்துக்கான சூத்திரத்தின் பகுதி (வகுக்கும் எண்) சுழியாகிறது. பலர் இங்கே பயந்துபோய்க் கணக்கைத் தவறவிட்டோமோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். கணக்கில் தவறில்லை. எவ்வளவு வேகமாகச் சென்றாலும் திருப்பக் கோணம் 90 பாகையை எட்டாது. ஆகவே அந்தச் சாய்வில் சறுக்குவதற்கான மேல்வரம்பு என்று ஒன்று இல்லாமல் போகிறது. உராய்வுக் குணகம் 0.7 என்றால் 55 பாகைச் சாய்விலேயே இந்த நிலை வந்துவிடும். பிறகு எல்லை வைப்பவை டயரின் வலிமை, எஞ்சினின் திறன், ஓட்டுநரின் உடல் ஆகியவையே. இதன் கடைசி எல்லைதான் மரணக் கிணறு. அங்கே சுவர் 90 பாகை நிற்கிறது. மேல்வரம்பு இல்லை, கீழ்வரம்பு மட்டும் உண்டு. திருப்ப விகிதம், உராய்வுக் குணகத்தின் தலைகீழியைவிடக் குறையக் கூடாது. 5 மீட்டர் ஆரமுள்ள கிணற்றில் குணகம் 0.7 என்றால் அது வினாடிக்கு சுமார் 8.4 மீட்டர், மணிக்கு 30 கி.மீ. பார்ப்பவர் பயப்படும் அளவுக்கு அது பெரிய வேகம் அல்ல.

இப்போது உண்மையான சாலைகள். பாடநூலைப் படித்தவர், நெடுஞ்சாலை வளைவுகள் உராய்வே தேவைப்படாத அளவுக்குச் சாய்க்கப்பட்டிருக்கும் என்று நினைக்கக்கூடும். அப்படி இல்லை. பொதுச் சாலைகளின் சாய்வு, அகலத்தின் 12 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. பெரும்பாலும் 4 முதல் 8 சதவீதம்தான், அதாவது 5 பாகைக்கும் குறைவு. பொறியாளர்கள் பயன்படுத்தும் கோவை எளியது: மணிக்குக் கிலோமீட்டரில் சொன்ன வேகத்தின் வர்க்கத்தை, 127 பெருக்கல் ஆரத்தால் வகுத்தால் வருவது, சாய்வையும் பக்கவாட்டு உராய்வுக் குணகத்தையும் கூட்டிய அளவுக்குச் சமம். 127 என்ற விந்தையான எண், ஈர்ப்பு முடுக்கமான 9.81-ஐ 3.6-இன் வர்க்கத்தால் பெருக்கியதுதான். டேன்ஜென்ட்டுகளின் கூட்டல் வாய்பாட்டில் பகுதியில் வரும் பெருக்கற்பலனை இதில் விட்டுவிடுகிறார்கள், 0.07 சாய்வுக்கும் 0.15 உராய்வுக்கும் அதனால் வரும் பிழை ஒரு சதவீதமே.

230 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு இந்தக் கோவை 0.22 என்று தருகிறது. 7 சதவீதச் சாய்வு அதில் 0.07-ஐக் கவனித்துக்கொள்ளும், மீதி 0.15 உராய்வின் பொறுப்பு. திருப்பும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை உராய்வே செய்கிறது என்பதைக் கவனியுங்கள். அதே வளைவில் உராய்வு தேவைப்படாத வேகம் மணிக்கு 45 கி.மீ. மட்டுமே. உலர்ந்த சாலை 0.7 வரை தரக்கூடியபோது வடிவமைப்பாளர்கள் ஏன் 0.15 அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்றால், ஈரத்துக்கும் தேய்ந்த டயருக்கும் வளைவிலேயே பிரேக் போடுபவருக்கும் இடம் விட வேண்டும். அதற்கு மேல் பக்கவாட்டு இழுப்பு பயணிகளுக்கும் அசௌகரியமாக இருக்கும். டயரின் பிடிப்பு ஒரே கையிருப்பு. பிரேக்குக்குச் செலவானது திரும்புவதற்குக் கிடைக்காது.

சாய்வைக் கூட்டினால் உராய்வின் சுமை குறையுமே, ஏன் கூட்டுவதில்லை? ஒரே வளைவில் மணிக்கு 100 கி.மீ. செல்பவரும், பாரம் ஏற்றித் தவழ்ந்து செல்பவரும், நெரிசலில் நின்றுவிட்டவரும் இருப்பார்கள். பனி உறைந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.1 அளவுக்குக் குறையலாம், உராய்வுக் கோணம் 5.7 பாகை. 12 சதவீதச் சாய்வு 6.8 பாகை; அங்கே நின்ற கார் தானாகவே உட்பக்கப் பள்ளத்துக்குப் போய்விடும். பனிப் பகுதிகளில் சாய்வைக் குறைவாக வைப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

நிறை மறைந்தது என்பதால் எல்லா வண்டியும் சமம் என்று எண்ணக் கூடாது என்றேன். சறுக்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடும் வண்டிகள் உண்டு. சாலை தரும் மொத்த விசையை ஈர்ப்பு மையத்தின் வழியாக ஒரு கோடாக வரைந்தால், அந்தக் கோடு தரையைத் தொடும் இடம் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே இருக்க வேண்டும். வெளிச்சக்கரத்தைத் தாண்டினால் உட்சக்கரம் தரையை விட்டு எழும். சக்கர இடைவெளியின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வருவது, கவிழ்வுக் கோணத்தின் டேன்ஜென்ட். காருக்கு அரை இடைவெளி 0.75 மீட்டர், மைய உயரம் 0.55 மீட்டர் என்று கொண்டால் கவிழ்வுக் கோணம் 54 பாகை. உராய்வுக் கோணமான 35 பாகையைத் திருப்பக் கோணம் முதலில் எட்டிவிடுவதால் கார் சறுக்கும், கவிழாது. உயரமாகப் பாரம் ஏற்றிய லாரிக்கு அரை இடைவெளி 0.9, உயரம் 2 மீட்டர் என்றால் கவிழ்வுக் கோணம் 24 பாகைதான். உலர்ந்த சாலையில் அது சறுக்கிப் பிழைக்க வழியில்லை, நேரே கவிழும். 50 மீட்டர் ஆரமுள்ள சமமான வளைவில் இந்த லாரியின் எல்லை மணிக்கு 53 கி.மீ.; 7 சதவீதச் சாய்வு கொடுத்தால் 58 கி.மீ. சாய்வு கவிழ்வையும் அதே கணக்கில்தான் தள்ளிப்போடுகிறது: திருப்பக் கோணத்திலிருந்து சாய்வைக் கழித்த மீதியே கவிழ்வுக் கோணத்தோடு ஒப்பிடப்பட வேண்டும். உண்மையில் ஸ்பிரிங்குகள் அமுங்கிப் பாரம் வெளிப்பக்கம் நகர்வதாலும், டேங்கர் என்றால் உள்ளிருக்கும் திரவம் ஒதுங்குவதாலும் எல்லை இந்த எண்களைவிடக் கீழே இருக்கும்.

மையவிலக்கு விசையை வைத்து இதைச் சொல்லக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். சொல்லலாம், வண்டியோடு சேர்ந்து திரும்பும் சட்டகத்தில் (வண்டிக்குள் இருப்பவரின் பார்வையில்) இருப்பதாகத் தெளிவாக அறிவித்துவிட்டு. அந்தச் சட்டகத்தில் ஈர்ப்பும் மையவிலக்கு விசையும் சேர்ந்து ஒரு சாய்ந்த ஈர்ப்பாகத் தெரியும். வண்டிக்குள் தொங்கவிட்ட தூக்குக் குண்டு நிலைக்குத்திலிருந்து திருப்பக் கோணத்தின் அளவுக்கே வெளிப்பக்கமாக விலகி நிற்கும். அந்தக் குண்டின் கயிற்றுக்குச் சாலை செங்குத்தாக அமைந்தால் பயணி பக்கவாட்டு இழுப்பு எதையும் உணர மாட்டார். ஒரே படத்தில் மையநோக்கு விசையையும் மையவிலக்கு விசையையும் எதிரெதிராக வரைந்து சமன்செய்வதுதான் கூடாதது. அப்படிச் சமனானால் வண்டி நேராகப் போயிருக்கும்.

சாய்ந்து திரும்பும் சைக்கிளுக்கும் அதே டேன்ஜென்ட் சூத்திரம் வருகிறது. சமமான தரையில் அங்கே சாய்வது சாலை அல்ல; சைக்கிளும் ஓட்டுபவரும்தான், மொத்த விசை ஈர்ப்பு மையத்தின் வழியாகச் சென்றால்தான் திருப்புத்திறன் (கவிழ்க்க முயலும் சுழற்றும் விளைவு) சுழியாகும் என்பதற்காக. சாய்வதால் உராய்வின் தேவை குறைவதில்லை. அதைக் குறைக்க வேண்டுமானால் தரையே சாய வேண்டும். 250 மீட்டர் சுற்றுள்ள சைக்கிள் பந்தய அரங்குகளின் திருப்பங்கள் 42 பாகை அளவுக்கு உயர்த்தப்படுவது இதனால்தான். ரயில் பாதையில் வெளித்தண்டவாளத்தை உயர்த்துவதும் இதே கணக்கே. தண்டவாளங்களின் மையங்களுக்கு இடையே 1,500 மி.மீ. இருக்கும் பாதையில் 150 மி.மீ. உயர்வு 5.7 பாகையைத் தரும். பெட்டியை மட்டும் சாய்க்கும் ரயில்களில் பயணியின் அசௌகரியம் குறையும், தண்டவாளத்தின் மீதான பக்கவாட்டு விசை குறையாது.

ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, தவறான பக்கமாகச் சாய்ந்த வளைவு. மழைநீர் வடிவதற்காக நேரான சாலைகளின் நடுப்பகுதி உயர்த்தப்பட்டு, இருபக்கமும் சுமார் 2 சதவீதம் சரிவாக இருக்கும். வளைவிலும் அதை அப்படியே விட்டுவிட்டால், வளைவின் வெளிப்பக்கப் பாதையில் செல்பவருக்குச் சாலை வெளிநோக்கிச் சாய்ந்திருக்கும். உராய்வுக் கோணத்தோடு கூட்ட வேண்டிய 1.15 பாகையை அவர் கழிக்க வேண்டியிருக்கும். உலர்ந்த சாலையில் இது பெரிதாகத் தெரியாது. உராய்வுக் கோணமே 5.7 பாகையாகச் சுருங்கிவிட்ட உறைபனியில், 100 மீட்டர் ஆரமுள்ள வளைவின் உட்பக்கப் பாதையில் மணிக்கு 39 கி.மீ. வரை திரும்ப முடிகிறவருக்கு, வெளிப்பக்கப் பாதையில் எல்லை 32 கி.மீ. ஆகிவிடும். இதனால்தான் முறையாகப் போடப்படும் சாலைகளில், வளைவு தொடங்குவதற்கு முன்பே வெளிப்பக்கப் பாதையின் சரிவு படிப்படியாகச் சமமாக்கப்பட்டு, பிறகு முழு அகலமும் உட்பக்கமாகச் சாய்க்கப்படுகிறது. அந்த நீளத்தில் ஆரமும் மெல்ல மெல்லக் குறைந்து வருமாறு ஒரு நிலைமாற்ற வளைவு அமைக்கப்படுகிறது. திருப்பக் கோணம் திடீரென்று தோன்றாமல் சாலையின் சாய்வோடு சேர்ந்தே வளர வேண்டும் என்பது அதன் நோக்கம்.